எந்தப் பள்ளியில் பிள்ளைகள் உண்மையில் கற்கிறார்கள்? கல்விப் பொருளாதாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிக்கூடம் பற்றிக் கருத்து இல்லாத ஆளே கிடையாது. எல்லோரும் ஒரு காலத்தில் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்தானே. அந்தக் கருத்துகளில் பலவற்றைக் கடந்த 60 ஆண்டுகளில் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சில நின்றன, பல விழுந்தன. என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

படிப்பைப் போய்ப் பணக் கணக்கில் பார்ப்பது சரியா?

இந்தக் கோபம் பழையது. 1960-களில் தியோடர் ஷுல்ட்ஸும் கேரி பெக்கரும் ‘மனித மூலதனம்’ என்ற சொல்லைப் பரப்பியபோதே, மனிதரை இயந்திரத்தோடு சேர்க்கிறார்களா என்று கேட்டவர்கள் உண்டு. இருவருக்கும் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது, சொல்லும் நிலைத்துவிட்டது. இன்று நேரத்தையும் பணத்தையும் போட்டுப் படித்தவரால் நாளை கூடுதலாகச் செய்ய முடிகிறது, ஆகவே படிப்புச் செலவு முதலீடு. அவர்கள் சொன்னது இவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடுவது வாய்ப்புச் செலவு. கட்டணமே வாங்காத பள்ளியும் ஏழைக் குடும்பத்துக்கு இலவசம் ஆகாது. 15 வயதுப் பையன் வகுப்பில் இருக்கும் நேரத்தில் சம்பாதித்திருக்கக்கூடிய கூலி, தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் இல்லாததால் அம்மா விட்ட வேலை, இவையெல்லாம் அந்தக் குடும்பம் கட்டும் கட்டணம். மெக்சிகோ 1997-இல் தொடங்கிய ‘ப்ரோக்ரெஸா’ திட்டம் இதைப் புரிந்துகொண்டு வகுக்கப்பட்டது. பிள்ளை பள்ளிக்குப் போனால் தாயின் கையில் பணம். வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும், ஏனென்றால் வயது ஏற ஏற இழக்கும் கூலியும் ஏறும். நடுநிலை வகுப்புகளில் பெண் பிள்ளைகளுக்குக் கூடுதல் தொகை. அந்த வகுப்புகளில் சேர்க்கை நன்றாகவே உயர்ந்தது.

ஒரு வருடம் கூடுதலாகப் படித்தால் வருமானம் எவ்வளவு கூடும்?

உலக நாடுகளின் மதிப்பீடுகளைத் தொகுத்தால் சராசரி ஆண்டுக்கு 9% அளவில் வருகிறது. நாட்டுக்கு நாடு வேறுபடும், பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்பலாமா? அதிகம் படித்தவர்கள் படிக்காமல் போயிருந்தாலும் கெட்டிக்காரத்தனத்தாலோ குடும்பச் செல்வாக்காலோ அதிகம் சம்பாதித்திருப்பார்கள் என்று சந்தேகப்படலாமே. அதைத் தீர்க்க, ஒருவரின் திறமைக்குச் சம்பந்தமே இல்லாத காரணத்தால் படிப்பு கூடிய இடங்களைத் தேட வேண்டும். 1973 முதல் 1978 வரை இந்தோனேசியா எண்ணெய் வருமானத்தில் 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. பள்ளி வந்தபோது 6 வயதாக இருந்தவனுக்கு அது பயன்பட்டது. அதே ஊரில் 13 வயதாக இருந்தவனுக்குப் பயனில்லை. இருவரின் பிற்காலச் சம்பளத்தையும், பள்ளிகள் அதிகம் வந்த வட்டாரங்களையும் குறைவாக வந்த வட்டாரங்களையும் ஒப்பிட்டுப் பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ 2001-இல் கணக்கிட்டார். ஓராண்டுப் படிப்புக்கு ஏறத்தாழ 7 முதல் 11% வரை வந்தது. சாதாரண ஒப்பீடு சொன்னதற்கு வெகு தூரத்தில் இல்லை.

படிப்பு திறமையைத் தருகிறதா, சான்றிதழை மட்டும் தருகிறதா?

பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் கிளப்பிய கேள்வி இது. ஒருவர் திறமைசாலியா என்று முதலாளிக்குத் தெரியாது. திறமைசாலிக்குப் படிப்பை முடிப்பது எளிது, மற்றவருக்குக் கடினம். அப்படியானால் வகுப்பில் எதுவுமே கற்பிக்காவிட்டாலும் பட்டம் ஓர் அடையாள அட்டையாகப் பயன்படும். பட்டத்தை வாங்கிய ஆண்டில் சம்பளம் குதிப்பதைப் பார்த்தால் இதில் உண்மை இருப்பது தெரிகிறது.

என் பார்வையில், தொடக்கக் கல்விக்கு இந்த வாதம் பொருந்தாது. எழுத்துக்கூட்டிப் படிக்கவும் மருந்துச் சீட்டைப் புரிந்துகொள்ளவும் தெரிவது யாருக்கும் காட்டுவதற்கான அடையாளம் இல்லை. மேல்படிப்பில், அதுவும் ஒரே வேலைக்கு ஆயிரம் பேர் போட்டியிடும் இடத்தில், ஸ்பென்ஸ் சொன்னதுக்கு வலு அதிகம்.

பள்ளியில் சேர்த்துவிட்டால் கற்றல் தானாக நடக்காதா?

நடக்காது. உலக வங்கி 2019-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுப் பிள்ளைகளில் 53% பேருக்கு ஓர் எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை. இவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் சேர்ந்தவர்கள்.

இதை நேரில் பார்த்தால்தான் உறைக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டைத் திறந்தால் முத்து முத்தான கையெழுத்து. கேள்வி, பதில், தேதி, அடிக்கோடு எல்லாம் கச்சிதம். அதே பக்கத்தில் ஒரு வரியில் விரலை வைத்து, ‘இதைப் படி’ என்று கேட்டால் மௌனம். அந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை ஒரு படம். பார்த்து வரைந்திருக்கிறது. சேர்க்கைப் பதிவேட்டிலும் வருகைப் பதிவேட்டிலும் இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இருக்காது.

எரிக் ஹனுஷெக்கும் லூட்கர் வொஸ்மனும் நாடுகளின் வளர்ச்சியை ஒப்பிட்டபோதும் இதுவே தெரிந்தது. எத்தனை ஆண்டு பள்ளிக்குப் போனார்கள் என்பதைவிட, சர்வதேசத் தேர்வுகளில் என்ன தெரிந்திருந்தது என்பதே பொருளாதார வளர்ச்சியோடு நெருங்கிப் போனது.

அதிக மதிப்பெண் எடுக்கும் பள்ளிதானே நல்ல பள்ளி?

பெற்றோர் அதிகம் ஏமாறும் இடம் இது. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். முதல் பள்ளியில் சேரும்போது பிள்ளைகளின் சராசரி 80, முடிக்கும்போது 82. இரண்டாவதில் சேரும்போது 45, முடிக்கும்போது 61. பட்டியலில் முதல் பள்ளி மேலே இருக்கும், வாசலில் பதாகையும் தொங்கும். ஆனால் பள்ளி சேர்த்துக் கொடுத்தது அங்கே 2, இங்கே 16. இப்படிக் கழித்துப் பார்ப்பதைக் ‘கூட்டு மதிப்பு’ என்கிறார்கள். நுழைவுத் தேர்வு வைத்து வடிகட்டி எடுக்கும் பள்ளி, தான் விதைக்காததையும் அறுவடை என்று காட்டிக்கொள்ள முடியும்.

கூட்டு மதிப்பிலும் ஒரு பொறி உண்டு. 20 பேர் மட்டும் தேர்வு எழுதும் சிறிய பள்ளியில் நான்கு கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒரே ஆண்டில் அமைந்தால் சராசரி எகிறும், அடுத்த ஆண்டு இறங்கும். அதனால் தரவரிசைகளின் உச்சியில் சிறிய பள்ளிகள் நிறைய இருக்கும். அடியிலும் நிறைய இருக்கும். ஒரே ஆண்டின் பட்டியலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

எல்லாம் குடும்பத்தைப் பொறுத்தது, பள்ளியால் என்ன செய்ய முடியும்?

1966-இல் ஜேம்ஸ் கோல்மன் குழு அமெரிக்காவில் சுமார் 6 லட்சம் மாணவர்களின் தரவுகளை வைத்து எழுதிய அறிக்கையிலிருந்து இந்த எண்ணம் பரவியது. மாணவர்களிடையே இருந்த வேறுபாட்டுக்குக் குடும்பப் பின்னணியே பெரிய காரணம், பள்ளிக் கட்டடமும் நூலகமும் செலவும் சொற்பம் என்று அது சொன்னது.

அறிக்கை அளந்தது எண்ணக்கூடிய பொருள்களை. வகுப்பறைக்குள் யார் எப்படிக் கற்பித்தார் என்பது அதில் சரியாகப் பிடிபடவில்லை. பின்னாளில் ஒரே பள்ளிக்குள் ஆசிரியரை ஆசிரியரோடு ஒப்பிட்டபோது வேறு படம் கிடைத்தது. பாஸ்டன் நகரில் இடத்தைவிட விண்ணப்பம் அதிகமாகிக் குலுக்கல் நடத்திய சில சார்ட்டர் பள்ளிகளும், அதாவது அரசுப் பணத்தில் தன்னாட்சியாக நடக்கும் பள்ளிகளும், உதாரணம். குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். இரு பக்கமும் ஒரே மாதிரிக் குடும்பங்கள், ஆனால் இடம் கிடைத்தவர்கள் கணக்கில் பெரிய அளவில் முன்னேறியிருந்தார்கள். குடும்பம் பெரிய காரணம் என்பது உண்மை. பள்ளிக்கு இடமே இல்லை என்பது பொய்.

அதிகம் செலவழித்தால் பள்ளிகள் மேம்படுமா?

எதில் செலவழிக்கிறோம் என்பதைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பாடநூல் கொடுத்தால் கற்றல் கூடும் என்பது யாரும் மறுக்காத யோசனை. கென்யாவில் சோதித்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே முன்னணியில் இருந்த மாணவர்கள் மட்டும் முன்னேறினார்கள். காரணம் கேட்டால் சிரிப்பு வரும், பிறகு வராது. நூல் ஆங்கிலத்தில் இருந்தது, ஆங்கிலம் பல பிள்ளைகளுக்கு மூன்றாவது மொழி. பெரு நாட்டில் கிராமப் பள்ளிகளுக்கு மடிக்கணினி கொடுத்து 15 மாதம் கழித்துப் பார்த்தார்கள். கணக்கிலும் மொழியிலும் மாற்றம் இல்லை. இந்தோனேசியாவில் சான்று பெற்ற ஆசிரியர்களின் சம்பளம் ஏறத்தாழ இரட்டிப்பானது. சில பள்ளிகளுக்கு மட்டும் இதைக் குலுக்கலில் முன்கூட்டியே கொடுத்து ஒப்பிட்டார்கள். ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, பக்க வருமானத்துக்கு வேறு வேலை பார்ப்பது குறைந்தது. மாணவர்களின் கற்றல் அசையவில்லை. புதிதாக நல்லவர்கள் ஆசிரியர் தொழிலுக்கு வருவார்கள் என்ற நீண்ட காலப் பலனை அந்தச் சோதனை அளக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இவற்றை வைத்து ‘பணத்தால் பயனில்லை’ என்று முடித்துவிடுவதும் தவறு. அமெரிக்காவில் நீதிமன்றத் தீர்ப்புகளால் பள்ளி நிதி திடீரென்று உயர்ந்த மாவட்டங்களை ஜாக்சன், ஜான்சன், பெர்சிகோ மூவரும் 2016-இல் ஆராய்ந்தார்கள். 12 பள்ளி ஆண்டுகளிலும் செலவு 10% கூடியிருந்தால், வளர்ந்தபின் சம்பளம் சுமார் 7% கூடுதலாக இருந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம். அங்கே அந்தப் பணம் ஆசிரியர் எண்ணிக்கைக்கும் சம்பளத்துக்கும் கூடுதல் பள்ளி நாட்களுக்கும் போனது.

ஆக, வகுப்பறையில் ஒரு பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் இடையில் நாள்தோறும் நடப்பதை அந்தப் பணம் மாற்றுகிறதா என்று கேட்பேன். மாற்றாத செலவு மதிப்பெண்ணில் தெரிந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

வகுப்பில் பிள்ளைகள் குறைவாக இருந்தால் நல்லதுதானே?

நல்லதுதான், ஆனால் விலை அதிகம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985-இல் தொடங்கிய ‘ஸ்டார்’ சோதனையில் சுமார் 80 பள்ளிகளின் தொடக்க வகுப்புப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பக்கம் 13 முதல் 17 பேர், இன்னொரு பக்கம் 22 முதல் 25 பேர். சிறிய வகுப்புப் பிள்ளைகள் தெளிவாக முன்னே வந்தார்கள், ஏழைப் பிள்ளைகள் கூடுதலாக.

இதைப் பார்த்துக் கலிஃபோர்னியா 1996-இல் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளை 20 பேராகக் குறைத்தது. அத்தனை வகுப்புக்கும் ஆசிரியர் வேண்டுமே! அனுபவம் இல்லாதவர்களையும் முழுத் தகுதி பெறாதவர்களையும் அவசரமாக எடுத்தார்கள். ஏழைப் பகுதிகளில் இருந்த நல்ல ஆசிரியர்கள் வசதியான பகுதிகளில் திறந்த புதிய இடங்களுக்கு மாறிப்போனார்கள். கென்யாவிலோ ஒப்பந்தத்தில் கூடுதல் ஆசிரியரை எடுத்து, 80-க்கும் மேல் இருந்த வகுப்பை ஏறத்தாழப் பாதியாக்கியும், பழைய ஆசிரியரிடமே இருந்த பிள்ளைகளுக்குப் பெரிய பலன் இல்லை. உதவிக்கு ஆள் வந்ததும் நிரந்தர ஆசிரியர்களின் உழைப்பு குறைந்ததுதான் மிச்சம். ஒப்பந்த ஆசிரியரிடம் போன பிள்ளைகள் முன்னேறினார்கள்.

நல்ல ஆசிரியரால் எவ்வளவு வித்தியாசம் வரும்?

பள்ளிக்குள் இருக்கும் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம். ராஜ் செட்டி, ஜான் ஃப்ரீட்மன், ஜோனா ராக்காஃப் மூவரும் 25 லட்சம் அமெரிக்கப் பிள்ளைகளின் பள்ளிப் பதிவுகளை அவர்களின் பிற்கால வரிப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தார்கள். கூட்டு மதிப்பில் கடைசி 5%-இல் இருக்கும் ஓர் ஆசிரியருக்குப் பதிலாக ஒரு சராசரி ஆசிரியர் ஒரே ஓர் ஆண்டு அந்த வகுப்பை எடுத்தால், அந்த வகுப்பின் ஆயுள் வருமானம் மொத்தமாகச் சுமார் 2,50,000 டாலர் கூடும் என்று கணக்கு வந்தது.

சிக்கல் என்னவென்றால், நல்ல ஆசிரியரை விண்ணப்பத்தில் கண்டுபிடிக்க முடியாது. முதுகலைப் பட்டம் பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை. அனுபவம் முதல் சில ஆண்டுகளில் நிறையக் கற்றுத்தரும், பிறகு மெதுவாகும். ஆனால் பல நாடுகளில் சம்பளப் படிநிலை இந்த இரண்டையும் வைத்துத்தான் ஏறுகிறது.

ஊக்கத்தொகை கொடுத்தால்? ஆந்திரப் பிரதேசத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய சோதனையில், மாணவர் முன்னேற்றத்துக்கு ஏற்பச் சிறிய தொகை கொடுத்ததும் கற்றல் கூடியது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் கணக்கு ஆசிரியர்களுக்கு 15,000 டாலர் வரை அறிவித்தும் ஒன்றும் நடக்கவில்லை. உழைப்பு குறைவாக இருக்கும் இடத்தில் ஊக்கத்தொகை உழைப்பைக் கூட்டும். ஏற்கெனவே உழைத்துக்கொண்டு, எப்படிச் செய்வது என்று தெரியாமல் நிற்பவருக்குப் பணம் வழி சொல்லாது. நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அதற்கும் முன்னால், ஆசிரியர் வர வேண்டும். உதய்பூர் பகுதியில் ஓராசிரியர் மையங்களில் தேதி, நேரம் பதியும் கேமரா கொடுத்து, காலையிலும் மாலையிலும் பிள்ளைகளோடு படம் எடுக்கச் சொல்லி, வந்த நாளுக்கேற்பச் சம்பளம் கொடுத்தார்கள். வராத நாட்கள் 42%-இலிருந்து 21%-ஆகக் குறைந்தன, பிள்ளைகளின் மதிப்பெண்ணும் உயர்ந்தது.

குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது எது?

பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்குவது. பட்டியலில் எனக்கு முதலிடம் இதற்குத்தான்.

ஒரு பிள்ளை 52-இலிருந்து 28-ஐக் கழித்து 36 என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுக்கலாம். இன்னும் பத்து நொடி பார்த்தால் அந்த 36 எங்கிருந்து வந்தது என்று தெரியும். 8-இல் 2 போனால் 6. 5-இல் 2 போனால் 3. ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழி’ என்பதை ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகச் செய்திருக்கிறது. அதே பிள்ளையிடம் 63-இலிருந்து 25-ஐக் கழிக்கச் சொன்னால் 42 என்றுதான் எழுதும். கேட்கும் முன்னே சொல்லிவிடலாம். இதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வைக்கக் கூடாது. பத்தாம் இடத்திலிருந்து கடன் வாங்குவது என்றால் என்னவென்று பிடிபடவில்லை, அவ்வளவுதான். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளை வைத்து, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினால் ஓரிரு நாளில் சரியாகும். காட்டாமல் விட்டால் அடுத்த ஆண்டு வகுத்தல், அதற்கடுத்த ஆண்டு பின்னம் என்று அந்த ஓட்டையின் மேலேயே மாடி ஏறும்.

பாடத்திட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். ‘போர்ஷன் முடிக்கணும்’ என்ற நெருக்கடியில் ஆசிரியர் முன்வரிசையைப் பார்த்தே பாடம் நடத்துவார். பிரதம் என்ற இந்தியக் கல்வித் தொண்டு அமைப்பு செய்தது, தினமும் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு வகுப்பை மறந்துவிட்டு, எழுத்து தெரிந்தவர், சொல் தெரிந்தவர், பத்தி படிப்பவர் என்று நிலைவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்துக் கற்பிப்பது. மும்பை, வதோதரா தொடங்கி உத்தரப் பிரதேசக் கற்றல் முகாம்கள் வரை திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்ட முறை இது. கற்பித்தவர்களில் பலர் குறுகிய பயிற்சி பெற்ற உள்ளூர்த் தன்னார்வலர்கள். கென்யாவில் 121 பள்ளிகள் பங்கேற்ற சோதனையில், ஏறத்தாழப் பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்பைத் தேர்ச்சி நிலைப்படி இரண்டாகப் பிரித்துப் பார்த்தபோது, மேல் பிரிவும் கீழ்ப் பிரிவும் இரண்டுமே முன்னேறின. பிரித்து முத்திரை குத்தி ஆண்டுக்கணக்கில் அங்கேயே விட்டுவிட்டால் கதை வேறு.

மடிக்கணினி பற்றிக் குறைசொன்னேன். அதே கணினியில், பிள்ளையின் நிலையை அறிந்து கேள்வியை மாற்றும் மென்பொருளைப் போட்டு டெல்லியில் சோதித்தபோது பலன் பெரிதாக வந்தது.

தனியார் பள்ளிகளும் வவுச்சரும் தீர்வா?

சிலி 1981-இல் நாடு முழுக்க வவுச்சர் கொண்டுவந்தது. பெற்றோர் தேர்ந்த பள்ளிக்கு அரசுப் பணம் போகும். பள்ளிகள் போட்டி போட்டுத் தரத்தை உயர்த்தும் என்று எதிர்பார்த்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் தனியாருக்கு நகர்ந்தார்கள், சராசரிக் கற்றல் உயர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நல்ல மாணவரைப் பொறுக்கி எடுப்பது நன்றாகக் கற்பிப்பதைவிட எளிது, பள்ளிகள் எளிய வழியில் போயின.

ஆந்திராவில் குலுக்கலில் வவுச்சர் பெற்றுத் தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகள் நான்கு ஆண்டு கழித்துத் தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமமாகவே இருந்தார்கள். இந்தியில் மட்டும் முன்னே. ஆனால் அந்தத் தனியார் பள்ளிகள் ஒரு பிள்ளைக்குச் செலவழித்தது அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இதை அரசுப் பள்ளிக்காரர் ஒரு மாதிரி படிப்பார், தனியார் பள்ளிக்காரர் வேறு மாதிரி படிப்பார். இருவரும் சொல்வதில் பாதி சரி.

தேர்வு முடிவை வைத்துப் பள்ளிகளைக் கண்டித்தால்?

அளவுகோலைத் தண்டிக்கும் கருவியாக்கினால் அளவுகோலே வளைந்துவிடும் என்று சமூக அறிவியலாளர் டொனால்ட் காம்ப்பெல் 1970-களிலேயே எச்சரித்தார். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஆசிரியர்களே விடைத்தாளை அழித்துத் திருத்திய வழக்கு அதற்குச் சாட்சி. அளக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆசிரியருக்குப் பயன்படும் சிறு சோதனைகள் அடிக்கடி, பயமுறுத்தும் பெரிய தேர்வுகள் எப்போதாவது.

பள்ளிக்கு முந்தைய வயதில் செலவழிப்பது மேல் என்கிறார்களே?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய ‘பெர்ரி’ பாலர் பள்ளிச் சோதனையில் இருந்தது 123 பிள்ளைகள்தான். அவர்களை நடுவயது வரை தொடர்ந்தார்கள். ஆரம்பத்தில் உயர்ந்த அறிவுத்திறன் மதிப்பெண் சில ஆண்டுகளில் கரைந்துபோனது. ஆனாலும் பாலர் பள்ளிக்குப் போனவர்கள் பின்னாளில் அதிகம் சம்பாதித்தார்கள், குறைவாகக் கைதானார்கள். ஜேம்ஸ் ஹெக்மன் குழு இதற்கு ஆண்டுக்கு 7 முதல் 10% வருவாய் விகிதம் கணக்கிட்டது. தேர்வில் தெரியாத பழக்கங்கள், அதாவது பொறுமை, தொடங்கியதை முடிப்பது போன்றவை, காரணமாக இருக்கலாம். நன்கு பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் வாராந்திர வீட்டுச் சந்திப்பும் கொண்ட திட்டம் அது. பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு மலிவாக நடத்தினால் அதே பலனை எதிர்பார்க்க முடியாது.

பெற்றோராகப் பள்ளியைப் பார்க்கப் போனால் எதைக் கவனிப்பது?

நுழைவாயிலையும் பதாகையையும் கடந்து, வகுப்பில் சராசரியாகப் படிக்கும் ஒரு பிள்ளையின் பழைய கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். முதல் மாணவரின் நோட்டைத்தான் எடுத்து வருவார்கள். வேண்டாம் என்று சொல்லி வேறு கேளுங்கள். தவறு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தவறும் இல்லாத நோட்டு கரும்பலகையைப் பார்த்து எழுதியது. தவறு இருந்தால், ஆசிரியர் அதன் பக்கத்தில் என்ன செய்திருக்கிறார், அதே வகைக் கணக்கைப் பிள்ளை மறுபடி எப்போது போட்டிருக்கிறது, அப்போது சரியாக வந்ததா என்று பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.